அகழியின் அந்தப் பக்கம்

வேதாளையில் ஓர் அகழி வெட்டினார்கள். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில் கடலை ஒட்டி இன்றும் இருக்கிற ஊர்தான். கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கி இருபுறமும் கடல் நெருங்கி வரும். இராமேசுவரம் போகிற எவரும் அந்த ஒடுக்கத்தைக் கடந்தே ஆக வேண்டும். 1540களின் கடைசியில் அங்கே ஒரு சிறு காவல்படையை வைத்திருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தானுக்கு இது வசதியாகப் போயிற்று. பாதையின் குறுக்கே அகழி வெட்டி, சுங்கம் கட்டுகிற யாத்திரிகரை மட்டும் விட்டார். யாத்திரிகர் வரத்துக் குறைந்தது. கோயிலை நம்பிப் பிழைத்த பிராமணர்கள் முறையிட்டார்கள். 1549-இல், வைகாசி ஆனி வாக்கில், விஜயநகரத்தின் படை வந்தது. வந்த நாளில் கரையில் நின்ற ஓர் இத்தாலியப் பாதிரியார் ஈட்டியால் குத்தப்பட்டு, தலை வெட்டப்பட்டு இறந்தார். பெயர் அந்தோனியோ கிரிமினாலி. வயது 29. அவரைத்தான் சேசு சபை தன் முதல் வேதசாட்சி என்று எழுதி வைத்திருக்கிறது.

நான் ஆழ்வார்திருநகரிக்காரன். சேதுவுக்குப் போய் முழுகி வருவது எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் இருந்த வழக்கம். திருப்புல்லாணி சேதுக்கரையோடு நின்றுவிட்ட கெட்டி வைணவர்களும் உண்டு, தனுஷ்கோடி வரை போனவர்களும் உண்டு. பிதுர்க்கடன் என்று வந்துவிட்டால் நாமத்துக்கும் விபூதிக்கும் பெரிய சண்டை கிடையாது. ஆகவே இந்தக் கதையில் என் முன்னோர் யாராவது நின்றிருந்தால், அகழிக்கு மேற்கே, மூட்டை முடிச்சோடு, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். வேதசாட்சிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் நின்று எழுதுவதில்லை. அங்கிருந்து பார்த்தால் கிரிமினாலி சிறுத்துப் போவார் என்ற பயமாக இருக்கலாம். எனக்கென்னவோ அங்கிருந்து பார்க்கும்போதும் அவர் பெரிய மனிதராகவே தெரிகிறார். காரணம்தான் புத்தகங்கள் சொல்கிற காரணம் இல்லை.

அவருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் ஓர் ஆறு இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி எங்கள் படித்துறையைத் தொட்டு, ஏரலைக் கடந்து, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாய்ந்தது போக மிச்சமிருக்கும் தாமிரபரணி கடலில் விழுகிற இடம் புன்னைக்காயல். இந்த ஆறு தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் ஆறு. கொற்கை ஒரு காலத்தில் துறைமுகம், இன்று கடல் அங்கிருந்து வெகுதூரம். மார்க்கோ போலோ பார்த்த காயலும் மணலில் தூர்ந்தது. கொற்கையும் காயலும் போன பிறகு வந்த துறை புன்னைக்காயல். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையின் தலைநகரம் மாதிரி இருந்த ஊர். சவேரியார் வந்து தங்கிய ஊர், கிரிமினாலி நடந்து திரிந்த கரையின் மையம். திருவாய்மொழி பிறந்த படித்துறையிலிருந்து அந்தக் கழிமுகத்துக்குப் படகில் போனால் ஒரு பகல் போதும். நம்மாழ்வார் சந்நிதியில் நிற்பவருக்குப் புன்னைக்காயல் பற்றித் தெரியாது, புன்னைக்காயல் பரதவருக்கு நம்மாழ்வார் அமர்ந்த உறங்காப் புளி பற்றி அக்கறை கிடையாது. ஒரே தண்ணீரைக் குடித்து நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி இருக்கிறோம்.

பரதவர்கள் கத்தோலிக்கரான கதை பலமுறை எழுதப்பட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முத்துச் சலாபத்தின் உரிமை யாருக்கு என்பதில் கரையோர முஸ்லிம்களோடு 1530களில் பெரும் தகராறு. பரதவத் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டார்கள். அவர்கள் கேட்ட விலை ஞானஸ்நானம். 1535 தொடங்கி இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். 1538-இல் போர்த்துக்கீசியக் கடற்படை மரைக்காயர்களின் படகுப் படையை முறியடித்தது. முறியடித்த இடம் அதே வேதாளை. அதாவது கிரிமினாலி போய்ச் சேர்வதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அந்த மணல் ரத்தம் பார்த்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஒழுங்காக ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது 1542-இல், பிரான்சிஸ் சவேரியார் வடிவில்.

அடுத்து வடுகர். விஜயநகரப் படையினருக்குக் கரையோரத்தில் அதுதான் பெயர். பரதவர் கரையிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களில் இந்தப் பெயர் வரும் இடங்களிலெல்லாம் ஓட்டமும் அழுகையும் இருக்கும். தென்திருவிதாங்கூர் மன்னர் மீது விஜயநகரத்தின் விட்டலராயர் படை நடத்தி வந்த காலம் அது. 1544 ஜூனில் கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் படைக்குப் பயந்து கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி, வெயிலில், குடிதண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்க்காற்று விடவில்லை. கரையேறி நடந்து போனார். உள்நாட்டுப் பாதையில் காவலுக்கு ஆள் நிறுத்துங்கள், வடுகர் தலை தெரிந்தவுடன் எல்லாரையும் தோணியில் ஏற்றத் தயாராக இருங்கள் என்று தன் உதவியாளருக்கு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து வேதாளையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படை வந்தால் தோணி. அந்தக் கரையின் உயிர்காப்பு முறை அதுதான்.

மேட்டு நிலத்தில் அதே படைக்கு வேறு பெயர். கிருஷ்ணதேவராயர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைத் தெலுங்குக் காவியம் ஆக்கியவர். பாண்டி நாட்டுக் கோயில்களின் பெரிய மண்டபங்களும் கோபுரங்களும் விஜயநகரமும் அதைத் தொடர்ந்த நாயக்கர்களும் கொடுத்தவை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'ராயர்' என்று சொல்லும்போது குரலில் ஒரு கும்பிடு இருக்கும். கரையில் நின்றவர்களுக்குக் குதிரைத் தூசியாகத் தெரிந்தது எங்களுக்குக் கைங்கரியமாகத் தெரிந்தது. இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதில் இரண்டு தரப்பும் கெட்டிக்காரர்கள்தான். தவிர, அந்தக் கோயில்களுக்குள் யார் போகலாம் யார் வாசலோடு நிற்க வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், கடலோரத்து மக்கள் கொச்சிவரை போய் உதவி கேட்டது ஒன்றும் மர்மமில்லை.

கிரிமினாலி இத்தாலியில் பார்மா நகருக்கு அருகில் சிஸ்ஸா என்ற சிற்றூரில் 1520-இல் பிறந்தவர். 1542-இல் ரோமில் சேசு சபையில் சேர்ந்தார். சபைக்கு அப்போது வயது இரண்டு. போர்த்துக்கல் போய் குருப்பட்டம் பெற்று, 1545-இல் கப்பலேறிக் கோவாவில் இறங்கினார். சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பி, 1548-இல் அங்கிருந்த சபையாருக்கு மேலாளராகவும் ஆக்கினார். 1549 ஜனவரியில் ரோமிலிருந்த சபை நிறுவனர் இஞ்ஞாசியாருக்குச் சவேரியார் எழுதிய கடிதத்தில் இந்த இளைஞரைப் பற்றி வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறார். இந்த மண்ணில் உழுவதற்கென்றே பிறந்தவர் என்கிற பொருள்படச் சொல்கிறார். சவேரியார் லேசில் புகழ்கிறவர் அல்ல. கடிதம் ரோம் போய்ச் சேரும் முன்பே புகழப்பட்டவர் போய்விட்டார். புகழ்ந்தவரோ ஏப்ரலில் ஜப்பானை நோக்கிப் புறப்பட்டு, இவர் சாகும்போது கிழக்குக் கடலில் எங்கோ இருந்தார்.

கிரிமினாலி செய்த வேலை என்ன? நடந்தார். குமரி முனையிலிருந்து வேதாளை வரை ஊர் ஊராக, கடற்கரை மணலில், கால்நடையாக. பகலில் அந்த மணலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓர் அடி முன்னே வைத்தால் அரை அடி பின்னே இழுக்கும். தேரி மணல் கொஞ்சம் இறுகியாவது இருக்கும், கடற்கரை மணல் அதுவும் கிடையாது. பிள்ளைகளுக்கு ஜெபம், செத்தவர்களுக்கு அடக்கம், சண்டைக்குப் பஞ்சாயத்து, அடுத்த ஊர். தமிழை வெறுமே பேசக் கற்றுக்கொண்டதோடு விடாமல், எழுதப் படிக்கவும் கற்றார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சவேரியார் துபாசிகளின் உதவியோடுதான் இந்தக் கரையில் போதித்தார். ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாக ஒப்பித்தார். அடுத்த தலைமுறைதான் ஓலையில் கை வைத்தது. கிரிமினாலி அதில் ஒருவர். அவரோடு இருந்த போர்த்துக்கீசியர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் இன்னொருவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அண்டிரிக் அடிகளார் என்று சொல்வது அவரைத்தான்.

இனி அந்த நாள். தப்பியவர்கள் சொல்லக் கேட்டுச் சபைத் தோழர்கள் கடிதங்களில் எழுதியதிலிருந்துதான் நமக்கு இது கிடைக்கிறது. வடுகர் படை பெருங்கூட்டமாக வருகிறது. கப்பித்தானின் ஆட்கள் கொஞ்சம் பேர். எதிர்த்து நிற்க முடியாது என்று தெரிந்தவுடன் அவர்கள் படகுகளுக்கு ஓடுகிறார்கள். கிரிமினாலி கரையில் இருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, அடியில் பாறை. பெரிய படகு கரையை ஒட்டி வராது, தள்ளித்தான் நிற்கும். ஏறுகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஏற வேண்டும். ஆண்கள் கை ஊன்றித் தாவிவிடுவார்கள். சேலை நனைந்து கால் பின்னிய பெண்ணால் தாவ முடியாது, அவள் இடுப்பில் பிள்ளை வேறு. பிள்ளையை முதலில் ஒருவர் வாங்க வேண்டும், அப்புறம் அவளைத் தூக்கிவிட வேண்டும், அதற்குள் அடுத்தவள் வந்து நிற்பாள். கிழவி ஒருத்தி என்றால் இரண்டு பேர் வேண்டும். இப்படி ஒரு தோணி நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பின்னால் ஈட்டியோடு ஆட்கள் ஓடி வரும்போது அந்த நேரம்தான் எல்லாம். கிரிமினாலி அந்த நேரத்தை அந்த வேலைக்குக் கொடுத்தார். பெண்களையும் பிள்ளைகளையும் தோணிகளில் ஏற்றுவதில் முனைந்து நின்றார். தானும் ஏற வாய்ப்பு இருந்தது, கூப்பிட்டார்கள், ஏறவில்லை. கரையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

படை நெருங்கியதும் முழந்தாளிட்டுக் கைகளை உயர்த்தினார் என்று கடிதங்கள் சொல்கின்றன. முதலில் வந்த கூட்டம் அவரை ஒன்றும் செய்யாமல் கடந்து போயிற்று. இந்த ஒரு தகவலில் எனக்கு நெடுநாள் யோசனை. ஓடுகிறவர்களை விரட்டி வந்த சிப்பாய்கள், கும்பிட்ட நிலையில் இருந்த ஒரு சாமியாரைப் பார்த்து, இது நம் வேலை இல்லை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துறவியைக் கொல்லக்கூடாது என்ற பழக்கம் கையைத் தடுத்திருக்கலாம். பின்னால் வந்தவர்களில் ஒருவன் ஈட்டியால் விலாவில் குத்தினான். அதன் பிறகு மற்றவர்களும். அங்கியை உருவினார்கள். கடைசியில் தலை போயிற்று.

சரி, இது வேதசாட்சியமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய வரையறையில் கொல்லப்பட்டால் மட்டும் போதாது. கொன்றவன் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொன்றிருக்க வேண்டும். செத்தவரின் மனம் மட்டுமல்ல, கொன்றவனின் மனமும் விசாரணைக்கு வரும். வேதாளையில் வந்த படைக்குக் கிறிஸ்து யாரென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அகழியை மூடவும், அதை வெட்டியவனைத் துரத்தவும், கிடைத்ததைக் கொள்ளையடிக்கவும் வந்தார்கள். கொன்றவன் வெறுத்தது சுங்கச்சாவடியை. அதன் பக்கத்தில் அங்கி போட்ட ஒருவர் நின்றார். சபைக்குள் கிரிமினாலியை முதல் வேதசாட்சி என்று எல்லாரும் சொல்கிறார்கள், பீடத்தில் மட்டும் ஏற்றவில்லை. நானூற்று எழுபது ஆண்டுகள் தாண்டியும் அவருக்குப் புனிதர் பட்டம் இல்லை.

நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே இராமநாதபுரம் சீமையில், ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோ, நம் அருளானந்தர், 1853-இல் முத்திப்பேறும் 1947-இல் புனிதர் பட்டமும் பெற்றார். அவர் கதையிலும் அரண்மனை விவகாரம் உண்டு. கிறிஸ்தவரான தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். சேதுபதிக்கு அரசியல் கணக்கும் இருந்தது. ஆனால் அருளானந்தர் கைதாகி, விசாரிக்கப்பட்டு, ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று ஆணைப்படி வெட்டப்பட்டார். சிறையில் இருந்தபோது எழுதிய கடிதங்கள் கிடைத்தன. எந்தப் போர்த்துக்கீசியக் கோட்டையின் நிழலும் அவர் மீது விழவில்லை. காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, பண்டாரச் சாமியாக உள்நாட்டில் அலைந்தவர். அந்தக் காவிதான் அவருடைய பட்டத்துக்கு முட்டுக்கட்டையாகவும் வந்தது. உள்ளூர்ச் சடங்குகளுக்கு இடம் கொடுத்தவர் எப்படிப் புனிதராவார் என்று ரோமில் வழக்காடினார்கள். அது தடையில்லை என்று பதினான்காம் பெனடிக்ட் சொன்னது 1741-இல்தான். இவ்வளவுக்கும் பிறகு, ஓரியூர் செம்மணலை நெற்றியில் இட்டுக்கொண்டு போகிற இந்துக்களும் இருக்கிறார்கள். கதை தெளிவாக இருந்தால் மக்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆணையிட்டவன், வெட்டியவன், வெட்டுப்பட்டவர் என்று மூன்று பாத்திரங்கள் தெளிவாக இருக்கும் கதை அது. வேதாளைக் கதையில் நான்காவதாக ஓர் அகழி இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை. பல நூல்கள் அரை வாக்கியத்தில் தாண்டிப் போகின்றன.

தாண்டத் தேவையில்லை என்பது என் கட்சி. பாதிரியார்கள் எல்லாரும் கப்பித்தான்களுக்கு ஜால்ரா போட்டார்கள் என்பதும் சரியில்லை. 1544 கடிதங்களில் சவேரியார் அப்போதைய கப்பித்தான் கோஸ்மே தெ பைவாவின் அக்கிரமங்களைப் பொறுக்க முடியாமல் எழுதியிருக்கிறார். அதே சமயம், கப்பித்தானின் துப்பாக்கி இல்லாமல் அந்தக் கரையில் பாதிரியார் இருந்திருக்க முடியாது என்பதும் உண்மை. கிரிமினாலி உண்ட சோற்றில் அந்தச் சுங்கக் காசு கலக்கவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சுங்கம் வாங்குவது புதிதுமில்லை. பாளையக்காரன் வாங்கினான், மன்னன் வாங்கினான், சாவடிக்குச் சாவடி யாத்திரிகன் அவிழ்த்துக்கொண்டுதான் போனான். தீர்த்தத்துக்கும் யாத்திரிகனுக்கும் நடுவே அகழியை வெட்டி வைத்ததுதான் புதிது. அதற்குப் பதில் வரும் என்பது வெட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதில் வந்தபோது வெட்டியவன் படகில் இருந்தான்.

எங்கள் ஊரின் குருபரம்பரைக் கதைகளில் இதற்குச் சமமாக வைக்க ஒருவர் இருக்கிறார். தோழப்பர். பதினான்காம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து படைகள் வந்தபோது நம்மாழ்வாரின் உற்சவ விக்கிரகத்தை எடுத்துக்கொண்டு ஊரார் மேற்கே மலையாள தேசத்துக்குப் போனார்கள். வழியில் கள்ளர் பயம். விக்கிரகத்தைப் பேழையில் வைத்து ஒரு மலைச்சரிவின் பள்ளத்தில் சங்கிலி கட்டி இறக்கி மறைத்தார்கள். பிறகு காலம் தெளிந்து, அதை மீட்க யார் இறங்குவது என்று கேள்வி வந்தபோது, இறங்கியவர் தோழப்பர். பேழையைச் சங்கிலியில் கட்டி ஆழ்வாரை முதலில் மேலே அனுப்பினார். ஆழ்வார் ஏறிவிட்டார். அடுத்த முறை சங்கிலி இறங்கியபோது தோழப்பர் விழுந்து இறந்தார். அவர் மகனுக்கு ஆழ்வாரே தகப்பன் என்று சொல்லி மரியாதை கொடுத்தார்கள் என்று கதை முடிகிறது. ஆழ்வார் பிறகு திருக்கணாம்பி வரை போய்த் தங்கி, திருவாய்மொழிப் பிள்ளையின் முயற்சியில், காடு மண்டிப் போயிருந்த இந்த ஊருக்குத் திரும்பி வந்தார்.

வைணவர்கள் தோழப்பரை நினைவுகூரும்போது அவர் விழக் காரணம் யார் என்று கேட்பதில்லை. அவரைக் கொன்றவன் என்று ஒருவனும் கதையில் இல்லை. கள்ளர்களும் இல்லை, துருக்கப் படையும் அந்த நேரத்தில் இல்லை. மேலே அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டுக் கீழே நின்றார், அவ்வளவுதான் அவருடைய பெருமை. கொன்றவனின் மனத்தைத் தோண்டிப் பார்க்கும் வேலை அங்கே இல்லாததால் அவர் சாவைக் கணக்கிடுவது சுலபமாக இருக்கிறது. ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தோழப்பர் மேலே அனுப்பியது ஆழ்வாரை. கிரிமினாலி ஏற்றிவிட்டது பரத்திகளையும் அவர்கள் பிள்ளைகளையும், பேர் ஊர் எழுதப்படாதவர்களை. மேட்டு நிலத்தில் அந்தக் காலத்தில் அவர்களுக்காக உயிரை விட யாரும் வரிசையில் நிற்கவில்லை. பெரிய மனிதராகத் தெரிகிறார் என்று மேலே சொன்னேனே, அதற்குக் காரணம் இது. வடுகன் அவரை ஏன் குத்தினான் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். தோணியில் இடம் இருந்தும் ஏன் ஏறவில்லை என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கரையில் நின்ற கூட்டத்தில் இருக்கிறது.

அவர் இறந்த பிறகு முத்துக்குளித்துறையில் மிஞ்சிய சபையார் கூடி அண்டிரிக் அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கும் ஓர் அகழி இருந்தது. யூத வம்சத்தில் பிறந்தவர் என்பதற்காக முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற வேண்டி வந்தவர். தோழர் கொல்லப்பட்ட கரையில், 1553-இல் புன்னைக்காயல் மீது நடந்த தாக்குதலில் தானே சிறைப்பட்டு மீண்டு, அதற்கு மேலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே கிடந்தார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். சபையார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று விதி வைத்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கையால் வந்தது. பதினாறே பக்கம். 1586-இல் புனிதர்களின் சரித்திரங்களைத் தொகுத்து 'அடியார் வரலாறு' அச்சிட்டார். வேதசாட்சிகளின் கதைகளைத் தமிழில் முதலில் அச்சேற்றியவர், தன் பக்கத்தில் இருந்த ஒருவர் அப்படிச் செத்த செய்தியைக் கேட்டவர். தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் காகிதத்தையும் எழுத்துருவையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். வேதாளையில் 1549-இல் ஏற்பட்ட காலியிடத்தில்தான் இவர் தலைமைக்கு வந்தார் என்பதையும் ஒரு வரி எழுதலாம். 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார், தூத்துக்குடியில் அடக்கம்.

2017 ஜூலையில் போப் பிரான்சிஸ் ஒரு புதிய விதி கொண்டுவந்தார். அதுவரை புனிதர் பட்டத்துக்கு இருந்த பெரிய வழிகள் வேதசாட்சியமும் வீரத்துவமான நற்பண்பு வாழ்வும். இப்போது இன்னொரு வழியும் சேர்ந்தது. பிறர் மீதுள்ள அன்பினால், தெரிந்தே, தானாக முன்வந்து, சீக்கிரத்தில் வரப்போகும் நிச்சயமான சாவை ஏற்று உயிரைக் கொடுத்தவர்களுக்கான வழி. கொன்றவனின் வெறுப்பை நிரூபிக்கத் தேவையில்லை. கொன்றவனே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொள்ளை நோயாளிகளுக்குப் பணி செய்து தொற்றிச் செத்தவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு என்று சொல்வார்கள். படிக்கும்போது எனக்கு வேதாளைதான் நினைவுக்கு வந்தது. அகழியைக் கதையில் அப்படியே வைத்துக்கொண்டு, கப்பித்தானின் பேராசையையும் வடுகரின் கோபத்தையும் யாத்திரிகரின் நியாயத்தையும் மறைக்காமல் எழுதி, அதன் பிறகும் அந்த மனிதரைப் பீடத்தில் ஏற்ற இதில் இடம் இருக்கிறது. தோழப்பர் கணக்கு ரோம் வரை போய்ச் சேர நாளாயிற்று போலும்.

சிக்கல் வேறிடத்தில். வேதசாட்சி என்றால் முத்திப்பேற்றுக்குப் புதுமை கேட்க மாட்டார்கள். இந்தப் புதிய வழியில் புதுமை ஒன்று வேண்டும். இறந்தவரை நோக்கி யாராவது வேண்டிக்கொண்டு, தீராத நோய் தீர்ந்து, மருத்துவர்கள் காரணம் சொல்ல முடியாமல் கையை விரிக்க வேண்டும். வேண்டிக்கொள்வதற்கு முதலில் ஆள் வேண்டுமே. அந்தத் தோணிகளில் ஏறித் தப்பியவர்களின் வம்சம் இன்றும் இந்தக் கரையில்தான் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள், சவேரியார் கெபிக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். வீட்டுக்கு ஒரு அந்தோணி இருக்கிறான், தெருவுக்கு ஒரு அந்தோணியார் குருசடி இருக்கிறது. எல்லாம் பதுவை அந்தோணியார்.